தட்டா, துண்டா, சிப்பா: முட்டித் தேய்மானத்துக்கு எந்த ஆய்வக மாதிரி?

மன்னார்குடி பக்கம் எங்கள் அத்தைக்கு நாற்பது வருஷமாக நடவும் களையெடுப்பும்தான் வேலை. இப்போது வரப்பிலிருந்து வயலில் இறங்கவே கையை ஊன்ற வேண்டியிருக்கிறது. "ஜவ்வு தேஞ்சு போச்சு, மாத்திரை போடுங்க, தாங்கலேன்னா ஆபரேஷன்" என்பதற்கு மேல் டாக்டரிடம் பதில் இல்லை. அது அவர் குற்றமும் இல்லை, தேய்மானத்தையே நிறுத்தும் மருந்து எதற்கும் இதுவரை ஒப்புதல் கிடைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2019-இல் 52.8 கோடி பேருக்கு மூட்டுத் தேய்மானம், முட்டியில் மட்டும் 36.5 கோடி. இத்தனை பேர் இருந்தும் மருந்து வராததற்கு ஒரு பெரிய காரணம், மருந்தைச் சோதிக்க ஆய்வகத்தில் வைத்திருக்கும் மாதிரிகள் உண்மையான மூட்டு மாதிரி நடந்துகொள்ளாததுதான்.

முதலில் தட்டு. டாக்டர் ஜவ்வு என்று சொன்னது குருத்தெலும்பு, எலும்பு நுனியை மூடியிருக்கும் வழவழப்பான மெத்தை. அதன் செல்லைப் பிரித்துப் பிளாஸ்டிக் தட்டில் வளர்ப்பது. மலிவு, வேகம், ஒரே வாரத்தில் நூறு மருந்தைப் பார்த்துவிடலாம். ஆனால் உருண்டையாக இருக்க வேண்டிய செல் தட்டில் ஒட்டியதும் தட்டையாகி, குருத்தெலும்புக்கே உரிய இரண்டாம் வகை கொலாஜன் என்ற நார்ப் புரதத்தைக் குறைத்து முதலாம் வகையைச் செய்ய ஆரம்பித்துவிடும், அதாவது குருத்தெலும்பாக இருப்பதையே மறந்துவிடும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரோஸ் ஜெல்லுக்குள் வைத்தால் பழைய குணம் திரும்பும் என்று 1982-லேயே காட்டிவிட்டார்கள், ஆல்ஜினேட் என்ற இன்னொரு கடற்பாசி ஜெல்லை மணியாக உருட்டி உள்ளே வைப்பதும் அதே வழிதான். அப்புறம், நோயை உண்டாக்க இன்டர்லூகின்-1 என்ற அழற்சிப் புரதத்தை ஒரேயடியாக ஊற்றுவார்கள். ஆற்றில் உடைப்பு எடுப்பது வேறு, கடலோர வயலில் வருஷக்கணக்காக உப்பு ஏறுவது வேறு. முட்டித் தேய்மானம் இரண்டாவது ரகம்.

எனக்கு நம்பிக்கை தருவது துண்டுதான், எக்ஸ்பிளான்ட் என்பார்கள். ஆட்டுக்கால் சூப்புக்கு வெட்டும்போது மூட்டு நுனியைப் பார்த்திருப்பீர்கள்: நீலம் கலந்த வெள்ளை, வழவழப்பு, நகத்தால் அழுத்தினால் எதிர்த்துத் தள்ளும். அதில் செல்லின் பங்கு நூற்றில் ஐந்துக்கு மேல் இல்லை; மற்றதெல்லாம் தண்ணீரும் அதைப் பிடித்து வைத்திருக்கும் வலையும். பாரம் தாங்குவது அந்த வலை, தேய்வதும் அதுதான். தட்டு வளர்ப்பில் வேரைக் கழுவிய நாற்று கிடைக்கிறது என்றால், துண்டில் மண்ணோடு பெயர்த்த நாற்று கிடைக்கிறது. முட்டி மாற்று ஆபரேஷனில் வெட்டி எடுக்கும் எலும்பு நுனியை நோயாளியின் அனுமதியோடு வாங்கி, சில மில்லிமீட்டர் வட்டமாகக் குத்தி எடுத்தால் போதும். குறைகளும் உண்டு. வெட்டிய ஓரத்தில் செல் செத்துவிடும், ஆளுக்கு ஆள் முடிவு மாறும், சில வாரம்தான் தாங்கும். எல்லாவற்றையும் விட, ஆபரேஷனுக்கு வருவது முற்றிய முட்டி. நோய் ஆரம்பிக்கிற முட்டியை யார் வெட்டிக் கொடுப்பார்கள்?

அந்த ஆரம்பத்தைப் பிடிப்பதில் சிப் முந்துகிறது. சிப் என்றால் நுண்ணிய அறைகளும் கால்வாய்களும் உள்ள சின்னப் பட்டை, அதற்குள் திசுவை வளர்ப்பார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல், இத்தாலியின் மிலான் நகரக் குழுவினர் 2019-இல் சிப்புக்குள் வளர்த்த குருத்தெலும்பை 30 சதவீதம் அழுத்தினார்கள். அழற்சிப் புரதம் எதுவும் ஊற்றாமல், வெறும் அழுத்தத்திலேயே தேய்மான அறிகுறிகள் வந்தன. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் எலும்பு, குருத்தெலும்பு, மூட்டு உறை, கொழுப்பு நான்கையும் ஒரே சிப்பில் இணைத்திருக்கிறார்கள். இது ஏன் முக்கியம் என்றால், குருத்தெலும்பில் நரம்பே கிடையாது, வலி எலும்பிலும் உறையிலும்தான். ஸ்பிரிஃபெர்மின் என்ற ஊசி மருந்து குருத்தெலும்பைத் தடிமனாக்கியது, 2019-இல் முடிவு வந்தது. ஆனால் மருந்தில்லாத ஊசி போட்டவர்களை விட வலி கூடுதலாகக் குறையவில்லை. குருத்தெலும்பை மட்டும் வளர்க்கும் மாதிரியால் இதை முன்கூட்டியே சொல்ல முடியாது. சிப்பில் எனக்குள்ள தயக்கம், ஸ்டெம் செல்லிலிருந்து, அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்லிலிருந்து, வளர்த்த திசு இன்னும் பிஞ்சு, அறுபது வயது முட்டி அல்ல.

சுண்டெலியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழு மூட்டும் நடையும் கிடைக்கும், சரி. ஆனால் அதன் குருத்தெலும்பு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, நமக்கு 2 முதல் 4 மில்லிமீட்டர். அங்கே ஊடுருவும் மருந்து இங்கே மேலேயே நின்றுவிடலாம். விலங்குச் சோதனைக்குப் பதிலாகச் சிப் போன்ற முறைகளை ஏற்க இந்தியாவில் 2023-இல் விதி மாறியிருக்கிறது.

ஆய்வகத் திசுவே மருந்தாவதும் நடக்கிறது. மூக்கின் நடுச்சுவர்க் குருத்தெலும்புச் செல்லை வளர்த்து முட்டியில் வைத்தது பாசலில்தான். முதலில் குருத்தெலும்பில் காயம் பட்ட 10 பேருக்கு, அதன் முடிவு 2016-இல் வெளியானது. பிறகு தேய்மானம் உள்ள 2 பேருக்கு.

என்னைக் கேட்டால், வடிகட்டத் தட்டு, முடிவெடுக்க அழுத்தம் கொடுத்த துண்டு, வலியைப் பார்க்கச் சிப். ஆனால் அந்த அழுத்தம் பெரும்பாலும் நடையின் தாளத்தில், விநாடிக்கு ஒன்று என்று வைக்கப்படுகிறது. அத்தை நாளெல்லாம் நடந்ததில்லை. குனிந்தாள், குந்தினாள், முழங்கால் சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைத்தாள். அந்தக் கணக்கைத் துண்டுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு இந்தப் பக்கத்தில் தொடங்க வேண்டும், முட்டி மாற்று ஆபரேஷன் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் நடக்கிறது, செல் வளர்ப்பு ஆய்வகமும் தஞ்சாவூரிலேயே இருக்கிறது.