கழுத்துக் கழலை: கே84-ஆ, கே1026-ஆ, காப்பரா?

பீச், பாதாம், ரோஜா நாற்றின் தூரில் கழலையைப் பார்த்ததும் மருந்து தேட வேண்டாம். முதலில் வேரைக் கழுவிப் பாருங்கள். வீக்கம் வேரோடு கலந்து மணிமணியாக இருந்து, நறுக்கினால் முத்துப்போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது நூற்புழு. மண்மட்டத்திலோ ஒட்டுக்கட்டிய இடத்திலோ ஒருபக்கமாகப் புடைத்து, இளசில் வெளிறி மெத்தென்றும் முற்றியபின் கறுத்துக் கட்டையாகவும் இருந்தால் கழுத்துக் கழலையை உண்டாக்கும் அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவைச் சந்தேகிக்கலாம். ஒட்டுப்புண் ஆறும்போது வரும் சதையும் ஏமாற்றும் என்பதால் சோதனை தேவை.

மலிவானது கீட்டோலாக்டோஸ் சோதனை. கழலையிலிருந்து எடுத்த பாக்டீரியாவை லாக்டோஸ் அகாரில் (பால்சர்க்கரை கலந்த வளர்ப்புக்கூழில்) இரண்டு நாள் வளர்த்து, மேலே பெனடிக்ட் கரைசலை ஊற்றினால் ஓரிரு மணி நேரத்தில் மஞ்சள் வளையம் விழும். ஆனால் அக்ரோபாக்டீரியத்தின் உட்பிரிவுகளில் பயோவார் 1 மட்டுமே வளையம் காட்டும். பயோவார் 2-ம் திராட்சையைத் தாக்கும் இனமும் காட்டாது. கழலையை உண்டாக்கும் டிஐ பிளாஸ்மிட் (தனி டிஎன்ஏ வளையம்) இல்லாத சாதுவான மண் பாக்டீரியாவும் வளையம் போடும். பிளாஸ்மிட்டின் விர்டி2 மரபணுவைத் தேடும் பிசிஆர் என்ற டிஎன்ஏ சோதனை ஒரே நாளில் அந்தக் குழப்பத்தைத் தீர்க்கும். பாக்டீரியாவைத் தக்காளித் தண்டில் குத்திச் செலுத்திப் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. 3-4 வாரம் ஆகும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் பாக்டீரியா இருந்தும் கழலை வராது. மாதிரியை இளங்கழலையின் வெள்ளைச் சதையிலிருந்து எடுங்கள். கறுத்த கட்டையில் உயிருள்ள பாக்டீரியா சொற்பம்.

காப்பர் மருந்தும் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் மேற்பரப்போடு சரி. பாக்டீரியா தன் டிஎன்ஏ துண்டைச் செடியின் செல்லுக்குள் செருகிவிட்டால், அதைக் கொன்றாலும் கழலை வளர்ந்துகொண்டே இருக்கும்.

ஆகவே முந்திக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் கே84. தென் ஆஸ்திரேலியாவில் ஆலன் கெர் குழுவினர் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த, நோய் தராத பாக்டீரியா இது. இது சுரக்கும் அக்ரோசின் 84 என்ற நஞ்சை, தன் தீனியான அக்ரோசினோபின் என்று நம்பி நோய்க்கிருமியே உள்ளே இழுத்துக்கொண்டு சாகும். அந்த வாசல், கழலையில் நோப்பலீன் என்ற தீனியை உண்டாக்கவைக்கும் வகைகளில்தான் உண்டு; ஆக்டோபீன் என்ற வேறு தீனியை உண்டாக்கவைக்கும் வகைகளும் திராட்சை இனமும் பெரும்பாலும் தப்பிவிடும்.

கே84-இன் ஓட்டை வேறு இடத்தில். நஞ்சையும் அதற்கான எதிர்ப்பையும் சுமக்கும் பிளாஸ்மிட் எதிரிக்கே தாவக்கூடும்; தாவினால் எதிரிக்கு நஞ்சு ஏறாது. அந்தத் தாவும் பகுதியை வெட்டி நீக்கியதே கே1026. இரண்டும் கிடைக்கும் நாட்டில் கே1026-ஐ எடுப்பதே புத்தி.

இரண்டுக்கும் முறை ஒன்றுதான். மில்லிக்கு ஒரு கோடி முதல் பத்துக் கோடி செல்கள் உள்ள கரைசலில், வேரைக் கவாத்து செய்த உடனே முக்கி, காயவிடாமல் நடுங்கள். குளோரின் கலந்த குழாய்நீர் கூடாது. நாம் விடும் பாக்டீரியாவே செத்துவிடும். கத்தரியைத் துடைக்கும் பிளீச்சையும் தள்ளியே வையுங்கள். மறுநாள் முக்கினால் பலன் சந்தேகம்தான்.

திராட்சைக்கு வழி வேறு. உறங்குநிலைக் குச்சிகளை 50 டிகிரி வெந்நீரில் 30 நிமிடம் வைக்கலாம். சூடு கூடினால் மொட்டு வேகும். பாக்டீரியா தண்டின் நீர்க்குழாய்க்குள் இருப்பதால் எண்ணிக்கை குறையுமே தவிர அற்றுப்போகாது.