‘செக்சமைக் கருவியே பார்த்துக்கொள்ளும்’ என்று சொன்னால் காரைக் கொடுக்காதீர்கள்

எரிபொருள் அளவு போன்ற எண்களைத் திருத்திய மென்பொருள் ஃபைலை என் டீசல் காரின் இன்ஜின் கணினியில் ஏற்றி முடித்த உடனே சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் மோட்டார் நன்றாகச் சுற்றியது, இன்ஜின் உயிர்பெறவில்லை. பத்துத் தடவையாவது முயன்றிருப்பேன். ஸ்கேனரைச் செருகினால் பி0601 என்ற பிழை எண். கணினியின் நினைவகத்தில் செக்சம், அதாவது சரிபார்ப்புத் தொகை, பொருந்தவில்லை என்பது அதன் பொருள்.

இந்த வேலையில் இருவர் பணம் வாங்கினார்கள். ஒருவர் ஃபைலைத் திருத்தி விற்றவர், மற்றவர் அதைக் காரில் ஏற்றியவர். விற்றவரைக் கேட்டேன். “செக்சமை ஏற்றுகிற கருவியே சரிசெய்துவிடும், அது என் பொறுப்பல்ல” என்றார். ஏற்றியவரோ, “சரிசெய்துதான் அனுப்பியிருப்பார் என்று நினைத்து, கருவியில் அந்த வசதியை அணைத்துவிட்டேன்” என்றார். இருவரும் ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை.

கணக்குப் புத்தகத்தில் பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை எழுதுகிறோமே, செக்சமும் அப்படித்தான். 100, 120, 130 என்று மூன்று எண்கள் இருந்தால் அடியில் 350 இருக்கும். நடுவில் உள்ளதை 125 ஆக்கிவிட்டு அடியில் 350 என்றே விட்டுவிட்டால், கூட்டிப் பார்க்கிற கணினி கையும் களவுமாகப் பிடித்துவிடும். அதற்குத் தன் நினைவகத்தின் மேல் நம்பிக்கை போய்விடுகிறது, எரிபொருளை நிறுத்திவிடுகிறது. என் காரில் நடந்தது இதுதான். ஒரே ஃபைலில் பல பகுதிகள், பகுதிக்கு ஒரு தொகை என்று இருப்பதும் உண்டு. சிலவற்றில் வெறும் கூட்டல் கிடையாது, எண்களின் வரிசை மாறினாலும் விடை மாறுகிற சிஆர்சி முறை. புதிய கணினிகள் பலவற்றில் இதற்கும் மேலே ஆர்எஸ்ஏ என்ற மின்னணுக் கையொப்பம் இருக்கிறது. தயாரிப்பாளரின் ரகசியச் சாவி இல்லாமல் அந்தக் கையொப்பத்தைப் போட முடியாது. ஆகவே ‘எல்லாம் தானாகச் சரியாகிவிடும்’ என்ற பேச்சு எல்லாக் கணினிக்கும் பொருந்தாது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை அதிகம் வதைத்தது. ஏற்றியவர் இரண்டாம் முறை முயன்றார். நான் ஸ்டார்ட்டரைச் சுற்றிச் சுற்றி பேட்டரி ஏற்கெனவே இறங்கியிருந்தது. மின்னழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் சார்ஜரை அவர் இணைக்கவில்லை. எழுதுவது பாதியில் நின்றது. அதன் பிறகு கணினி ஸ்கேனருக்குக்கூடப் பதில் சொல்லவில்லை. “திருத்துவதற்கு முன் இருந்த மூல ஃபைலையாவது கொடுங்கள்” என்றேன். அவரிடம் அது இல்லவே இல்லை! காரில் இருப்பதை அவர் படித்ததே இல்லையாம். மென்பொருள் எண்ணை மட்டும் எடுத்து அனுப்ப, விற்றவர் அந்த எண்ணுக்குரிய ஃபைலைத் தன் சேமிப்பிலிருந்து எடுத்துத் திருத்தியிருக்கிறார். அந்த மூலத்தைத் தர அவர் மறுத்துவிட்டார். என் காரின் மூல ஃபைலுக்கு நான் கெஞ்ச வேண்டியிருந்தது.

கடைசியில் வேறொருவர் கணினிப் பெட்டியைக் கழற்றி, மூடியைத் திறந்து, வழக்கமான மென்பொருளைத் தாண்டி நினைவகத்தில் நேரடியாக எழுதும் பூட் முறையில் தொழிற்சாலை ஃபைலை எழுதி மீட்டுத் தந்தார். பொறுமையான மனிதர். விற்கப்பட்ட ஃபைலையும் தொழிற்சாலை ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திரையில் காட்டினார். எரிபொருள் அளவு, டர்போ அழுத்தம் ஆகிய அட்டவணைகளில் வரிசை வரிசையாக எண்கள் மாறியிருந்தன. தொகை எழுதியிருந்த நான்கு பைட்டுகள் மட்டும் இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தன. திருத்தியவர் அந்த இடத்தைத் தொடவே இல்லை.

காரைக் கொடுக்கும் முன் மூன்றைக் கேளுங்கள். செக்சமைச் சரிசெய்வது யார் என்று பெயர் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். உங்கள் காரிலிருந்தே படித்த மூல ஃபைல் உங்கள் கைக்கு வந்த பிறகே எழுத விடுங்கள். எழுதி முடியும் வரை சார்ஜர் இணைந்திருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். மூன்றில் ஒன்றுக்கு மழுப்பினாலும் சாவியைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

விற்றவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பணத்துக்குப் பதில் ‘சரிசெய்த ஃபைல்’ என்று இன்னொன்றை அனுப்பி, ஏற்றிப் பார்க்கச் சொன்னார். ஏற்றவில்லை, திறந்து மட்டும் பார்த்தோம். அந்த நான்கு பைட்டுகள் அப்படியே இருந்தன.