காண்ட்ராய்ட்டினைப் பிரிக்க எத்தனாலா, சிபிசியா?

காண்ட்ராய்ட்டின் என்பது குருத்தெலும்பில் உள்ள, சல்பேட் தாங்கிய நீண்ட சர்க்கரைச் சங்கிலி. அதைக் கரைசலிலிருந்து படிய வைக்க எத்தனாலும் உண்டு, சிபிசி எனப்படும் செட்டில்பிரிடினியம் குளோரைடும் உண்டு. திருக்கைக் குருத்தெலும்பைச் சதை போகச் சுரண்டி, அசிட்டோனில் கொழுப்பெடுத்து, பொடித்து, பிஎச் 5.5 அசிட்டேட் கரைசலில் புரதத்தைச் சிதைக்கும் பப்பெயின் நொதியுடன் 60 டிகிரியில் 24 மணி நேரம் வைப்பது வரை இரண்டுக்கும் ஒரே வழிதான். சிஸ்டீன் சேர்க்க மறந்தால் பப்பெயின் மந்தமாகிவிடும். வடிகட்டிய பிறகே பாதை பிரிகிறது.

எத்தனால் மலிவு. வடிகட்டிய கரைசலைப்போல இரண்டரை மடங்கு ஊற்றி 4 டிகிரியில் ஓரிரவு விட்டால் போதும். உப்பு குறைந்தால் பால்போலக் கலங்கி நிற்கும், படியாது. கொஞ்சம் சோடியம் அசிட்டேட் போட்டதும் வெள்ளையாக இறங்கும். ஆனால் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையும் பெப்டைடு என்ற புரதத் துண்டுகளும் கூடவே வந்துவிடும். காண்ட்ராய்ட்டினின் ஒரு பகுதியான யூரோனிக் அமிலத்தை அளக்கும் கார்பசோல் சோதனையில், அந்தச் சர்க்கரை அளவைக் கூட்டிக் காட்டும்.

அளவுப் பகுப்பாய்வுக்கு சிபிசிதான் நம் தேர்வு. அதன் நேர்மின்னூட்டம் காண்ட்ராய்ட்டினின் எதிர்மின் சல்பேட்டைப் பிடித்துக்கொள்ளும், இணைந்து படியும். மின்னூட்டமற்ற கிளைக்கோஜன் கரைசலிலேயே தங்கிவிடும். இங்கே உப்புதான் எதிரி, அதிகமானால் பிணைப்பே உருவாகாது. எனவே முதலில் டயாலிசிஸ் செய்து, அதாவது சவ்வு வழியே உப்பை வெளியேற்றி, பிறகே சிபிசி சேர்க்க வேண்டும். படிவை 2 மோலார் உப்புநீரும் எத்தனாலும் 100:15 கலந்த கரைசலில் கரைத்து, மறுபடி எத்தனாலில் வீழ்த்தி, 80 சதவீத எத்தனாலில் மூன்று முறை கழுவுங்கள். கழுவலில் சோம்பினால், மிஞ்சிய சிபிசி சாயத்தோடு போட்டியிட்டு, காண்ட்ராய்ட்டினை அளக்கும் டிஎம்எம்பி சாயச் சோதனையில் 525 நானோமீட்டர் அளவீட்டைக் குறைத்துவிடும்.