தங்க நிற ‘கேஸ்’ ஷாக் அப்சார்பர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

பைக்கின் பின்பக்க ஷாக் அப்சார்பரை வீட்டிலேயே மாற்றலாம் என்று நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். மாற்றுகிற வேலை சுலபம்தான். ஏமாற்று எல்லாம் நாம் வாங்கும் பொருளில் நடக்கிறது.

என்னுடையது பழைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. கம்பெனி ஷாக்கில் ஒன்று ஆயில் கசிய ஆரம்பித்துவிட்டது. சரி, மாற்றுவதுதான் மாற்றுகிறோம், கொஞ்சம் நல்லதாகவே போடுவோம் என்று சென்னையில் ஒரு ஸ்பேர்ஸ் கடையில் கேட்டேன். தங்க நிறத்தில், பக்கவாட்டில் கேஸுக்கென்று தனியாக டப்பா வைத்த ஜோடி ஒன்றை எடுத்துக் காட்டி, “நைட்ரஜன் கேஸ் சார், ரிபவுண்டு அட்ஜஸ்ட்மென்ட்கூட இருக்கு, கம்பெனிது பக்கத்துலயே நிக்காது” என்றார் கடைக்காரர். ரிபவுண்டு என்றால் அமுங்கிய ஸ்பிரிங் திரும்ப எழும்புவது, அந்த வேகத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கலாம் என்கிறார். விலை 6,500 ரூபாய். பில் கேட்டதற்கு, கடைப் பெயர்கூட இல்லாத எஸ்டிமேட் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு பக்கம் மாட்டி முடித்த பிறகே அடுத்த பக்கத்தைக் கழற்றினேன். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் ஸ்விங் ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) சக்கரத்தோடு கீழே இறங்கிவிடும், அப்புறம் துளைகளை நேர்ப்படுத்துவது பெரும்பாடு. புது ஷாக்கின் கீழ்ப்பக்க புஷ், அதாவது போல்ட் நுழையும் வளையம், போல்ட்டைவிடப் பெரிதாக இருந்து ஆடியது. போன் செய்தால், “வாஷர் போட்டு டைட் பண்ணிடுங்க சார், எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க” என்கிறார். வாஷர் பக்கவாட்டு இடைவெளியைத்தான் அடைக்கும், துளைக்குள் இருக்கும் ஆட்டத்துக்கு அது என்ன செய்யும்? கடைசியில் அந்த இடைவெளியை அடைக்க லேத்தில் ஸ்லீவ் (சிறு குழாய்) கடைந்து வாங்கிப் போட்டேன்.

ரோட்டில் இறங்கியதும் உண்மை தெரிந்துவிட்டது. வேகத்தடையைத் தாண்டிய பிறகும் வண்டியின் பின்பக்கம் குதித்துக்கொண்டே இருந்தது, வளைவில் சின்னப் பள்ளம் வந்தால்கூடச் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. அதிர்ச்சியை வாங்குவது ஸ்பிரிங். அது திரும்பத் துள்ளாமல் அடக்குவது, உள்ளே பிஸ்டனில் இருக்கும் சிறு துளைகள் வழியாக ஆயில் நெருங்கிப் போகும்போது உண்டாகும் தடை. அந்தத் தடை இல்லாவிட்டால் அது வெறும் ஸ்பிரிங்தான். தரையைத் தொடாத சக்கரத்தில் பிரேக்கும் பிடிக்காது. பின்னால் அம்மாவை உட்கார வைத்துப் போகிற வண்டி இது, அதனால்தான் இவ்வளவு கோபம்.

கழற்றிப் பார்த்தேன். டப்பாவைப் பிடித்திருந்தவை இரண்டு ஸ்க்ரூக்கள்தான், அவற்றை எடுத்ததும் டப்பா கையோடு வந்துவிட்டது. டப்பாவுக்கும் சிலிண்டருக்கும் நடுவே குழாயும் இல்லை, துளையும் இல்லை. காற்று வால்வு மாதிரி இருந்ததன் மூடியைத் திறந்தால் உள்ளே வெறும் போல்ட். ரிபவுண்டு திருகு எந்தப் பக்கமும் முடிவில்லாமல் சுற்றுகிறது. உண்மையான கேஸ் ஷாக்கில் நைட்ரஜன் மிக அதிக அழுத்தத்தில் இருக்கும், சோதிக்கிறேன் என்று அதில் துளை போடவோ அறுக்கவோ செய்துவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

வாங்கும் முன்பு கடையிலேயே பார்க்க முடிந்தவை: டப்பா உடலோடு சேர்ந்த வார்ப்பாகவோ குழாயால் இணைந்தோ இருக்க வேண்டும், திருகு படிப்படியாக நின்று நின்று திரும்ப வேண்டும், கண்ணுக்குக் கண் நீளம் (மேல் போல்ட் துளையின் நடுவிலிருந்து கீழ்த் துளையின் நடு வரை) பழைய ஷாக்கோடு ஒத்துப்போக வேண்டும். உங்கள் போல்ட்டைக் கையோடு கொண்டுபோய் புஷ்ஷில் நுழைத்துப் பாருங்கள். மாட்டியபின் சீட்டை நன்றாக அழுத்தி விடுங்கள்: ஒரே மூச்சில் எழுந்து நின்றால் சரி, மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

எனக்குத் திருப்பி எடுக்கவில்லை. “மாட்டின பொருளை மாத்த மாட்டோம்” என்று முடித்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன், அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. அந்த எஸ்டிமேட் சீட்டு, ஜிபே ரசீது, டப்பாவைக் கழற்றும்போது எடுத்த வீடியோ மூன்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.