கருவாட்டு கவர் ஒட்ட வாங்கிய சீலிங் மெஷின்: மூன்று மாத அனுபவம்

எட்டு அங்குல கை சீலிங் மெஷின், 1,650 ரூபாய். கருவாட்டை பாக்கெட் போட்டு விற்கலாம் என்று பிப்ரவரியில் வாங்கினேன். என் ஊர் ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம். மெஷினைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன், வாங்கிய ஆளைப் பற்றியும் எழுதாமல் முடியாது போலிருக்கிறது.

சூடேறக் காத்திருக்க வேண்டாம். பிளக்கைச் சொருகி, கவரின் வாயை வைத்துக் கைப்பிடியை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும். அணைந்ததும் கையை எடுத்துவிடாமல் இரண்டு நொடி அப்படியே பிடித்திருங்கள், இல்லையென்றால் ஒட்டிய இடம் ஆறுவதற்குள் பிரிந்துவிடும். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் திருகை நான்கில் வைத்தால் போதும், இருபது முப்பது கவர் போட்டபின் மூன்றுக்குக் குறைக்க வேண்டும், மறந்தால் கவர் உருகிச் சுருண்டுகொள்ளும். கருவாட்டுக்கென்று தனித் தொல்லை ஒன்று உண்டு. கவர் வாயின் உள்பக்கம் உப்புத்தூள் துளி இருந்தாலும் அந்த இடம் ஒட்டாது. பார்க்க ஒட்டியது போலவே இருக்கும், இரண்டு நாள் கழித்து அலமாரி நாறும்போதுதான் தெரியும். காய்ந்த துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். நெத்திலிக்குச் சாதாரண கவர் தாங்கும், காரலுக்கு முள் குத்தி ஓட்டை விழும், தடித்த கவர்தான் சரி. கம்பிமேல் இருக்கும் பழுப்புத் துணி இரண்டாம் மாதமே கருகியது. உபரி ஒன்று பெட்டியிலேயே இருந்தது, நானே மாற்றிவிட்டேன்.

ஆக, மெஷின்மேல் குறையில்லை.

ராமேஸ்வரம் போகிற வண்டியெல்லாம் நம் ஊர் வழியாகத்தானே போகிறது என்று கணக்குப் போட்டேன். தீர்த்தமாடப் போகிறவர் கருவாடா வாங்குவார்? இதுகூடத் தோன்றவில்லை. எஃப்எஸ்எஸ்ஏஐ என்கிற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான், அதில் சிரமமில்லை. ஸ்டிக்கர் டிசைனுக்கு மட்டும் ஒரு வாரம் உட்கார்ந்தேன். மூன்று மாதத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு வாரம்தான்.

நெத்திலி கிலோ 320 என்று பாம்பனில் பத்துக் கிலோ எடுத்தேன். 200 கிராம் பாக்கெட், ஐம்பது தேறும், ஒன்று 90 ரூபாய். மொட்டை மாடியில் இன்னொரு வெயில் காட்டி, தலையும் தூளும் நீக்கி நிறுத்தால் 8.2 கிலோ. நாற்பத்தொரு பாக்கெட். மீன் மட்டுமே பாக்கெட்டுக்கு 78 ரூபாய், கவரும் ஸ்டிக்கரும் 4, கடைக்காரருக்கு 10. பாக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் கைநஷ்டம், அதுவும் என் கூலியைச் சேர்க்காமல்.

விலையை ஏற்றியிருக்கலாம். என்னால் முடியாதது வேறு. மூன்று கடையில் கொடுத்தேன், மூன்று பேரும் "விற்றதும் வாங்கிக்குங்க" என்றார்கள், தலையாட்டினேன். விற்றபிறகும் போய்க் கேட்க வாய் வரவில்லை, கடைக்கு எதிரில் நின்று டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். சந்தையில் கூடை வைத்து விற்கும் என் அத்தை இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "சரக்கக் குடுக்கைலயே காசக் கேட்டுரணும் மருமகனே, பெறகு கேட்டா கடன் கேக்குற மாதிரில இருக்கும்."

ஏப்ரல் 15-ல் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கியது, ஜூன் 14 வரை 61 நாள். நெத்திலி விலை ஏறிவிட்டது. இந்தக் கடற்கரையில் பிறந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும், கணக்கு நோட்டில்தான் எழுதவில்லை.

தொழில் தொடங்கலாமா என்று யோசிப்பவர்கள் வேலையை விடுவதற்கு முன்னால் ஐயாயிரம் ரூபாய்க்குச் சரக்கெடுத்து விற்றுப் பாருங்கள், முக்கியமாக, கடனுக்குக் கொடுத்துவிட்டு வசூலிக்கப் போய்ப் பாருங்கள். எனக்கு மாதச் சம்பளம்தான் ஒத்துவரும் என்று தெரிந்துகொள்ள மெஷினோடு சேர்த்து ஆறாயிரம் ஆனது, பரவாயில்லை.

மெஷின் இப்போது அத்தை வீட்டில். ஸ்டிக்கர் எதற்கு என்று கேட்டுவிட்டு அதையும் வாங்கிக்கொண்டார். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். வாங்குபவர்கள் பன்னிரண்டு அங்குலமாக வாங்குங்கள், அரைக் கிலோ கவர் இதில் அடங்கவில்லை என்று அத்தை தினமும் திட்டுகிறார்.