கல்யாண வீடியோக்களை ராத்திரியோடு மாற்றித்தரும் ஷெல் ஸ்கிரிப்ட்: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

வைகாசி, ஆவணி முகூர்த்தம் வந்தால் வேலூர், காட்பாடி ஸ்டுடியோக்களில் மெமரி கார்டுகள் குவிந்துவிடும். அந்த வீடியோக்களையெல்லாம் டிவியில் ஓடும் எம்பி4 ஃபைலாக மாற்ற, ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளிலும் க்யூ போடலாம்தான். ஆனால் நடு ராத்திரி கரண்ட் போய் வந்தபின், விட்ட ஃபைலிலிருந்து தானே தொடர வேண்டுமென்றால், கட்டளை கொடுத்து வீடியோவை மாற்றும் எஃப்எஃப்எம்பெக்கும் (ffmpeg), அந்தக் கட்டளைகளை வரிசையாக ஓட்டும் பத்துப் பதினைந்து வரி பாஷ் ஸ்கிரிப்ட்டும்தான் தோது.

செட்டிங் பெரிய விஷயமில்லை. வீடியோவைச் சுருக்க எக்ஸ்264, படத் தரத்துக்கு சிஆர்எஃப் 20, வேகத்துக்கு ப்ரீசெட் மீடியம், ஒலிக்கு ஏஏசி 192 கேபிபிஎஸ். பிக்சல் ஃபார்மட்டை ஒய்யுவி420பி (yuv420p) என்று கட்டாயம் எழுதுங்கள். புது கேமராக்களின் 10 பிட் 4:2:2 நிற ஃபார்மட் அப்படியே போனால் பல டிவிகளில் படம் வராது. பழைய ஹேண்டிகேமின் 1080ஐ ஃபைல் (வரி விட்டு வரி பதிவானது) என்றால், அதை முழுப் படமாக்கும் டீஇன்டர்லேஸ் ஃபில்டரும் வேண்டும். இல்லையென்றால் நாதஸ்வரக்காரர் விரல் அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு விழும்.

ஆளைப் படுத்துவது, ஃபைல்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டும் லூப்தான். ஃபைல் பட்டியலை வரி வரியாகப் படிக்கும் 'வைல் ரீட்' (while read) வழியாகக் கொடுத்தால், முதல் ஃபைல் முடிந்ததும் அடுத்ததன் பெயரில் முன்னெழுத்துகள் காணாமல் போய், அப்படியொரு ஃபைலே இல்லை என்று எரர் வரும். எஃப்எஃப்எம்பெக் கீபோர்டு கட்டளைக்காக பட்டியல் வருகிற அதே உள்ளீட்டு வழியை (ஸ்டாண்டர்ட் இன்புட்) படித்து, பட்டியலையும் சேர்த்து விழுங்கிவிடுவதுதான் காரணம். 'நோஎஸ்டிடிஇன்' (-nostdin) ஆப்ஷனைச் சேர்த்தால் தீர்ந்தது.

அடுத்தது கரண்ட். எம்பி4-இன் இன்டெக்ஸ் (எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை) கடைசியில்தான் எழுதப்படும். பாதியில் நின்ற ஃபைல் ஓடாது. 'அவுட்புட் இருந்தால் தாண்டு' என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தச் செத்த ஃபைலை முடிந்ததாக எண்ணி ஸ்கிரிப்ட் தாண்டிப் போய்விடும். அதனால் முதலில் '.பார்ட்' (.part) பெயரில் எழுதி, எக்ஸிட் கோடு 0, அதாவது பிழையின்றி முடிந்தது என்ற எண், வந்தால் மட்டும் அதே டிஸ்க்கில் பெயரை மாற்ற வேண்டும். '.பார்ட்' என்றால் ஃபார்மட் எதுவென்று எஃப்எஃப்எம்பெக்குக்குப் புரியாது. 'எஃப் எம்பி4' (-f mp4) என்று தனியாகச் சொல்ல வேண்டும். பழைய '.பார்ட்' கிடந்தால் கேட்காமல் மேலெழுத 'ஒய்' (-y) ஆப்ஷனும் போடுங்கள்.

எக்ஸிட் கோடையும் முழுசாக நம்பக் கூடாது. கெட்டுப்போன கார்டு ஃபைலில் பாதி வரைக்கும் படித்துவிட்டு 0 சொல்வதும் உண்டு. ஃபைல் விவரம் காட்டும் எஃப்எஃப்ப்ரோபில் (ffprobe) மூலத்தின் நீளத்தையும் அவுட்புட்டின் நீளத்தையும் ஒப்பிட்டு, ஒரு செகண்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் லாகில் குறிக்கச் சொல்லலாம். ஒரிஜினலை அழிக்கும் வரி ஸ்கிரிப்ட்டில் இருக்கவே கூடாது, அது கையால் செய்கிற வேலை.

குடியாத்தம், அணைக்கட்டு பக்கம் இன்னும் பென்டிரைவில்தான் கேட்கிறார்கள். பல பென்டிரைவ்களில் இருக்கும் ஃபேட்32 ஃபார்மட்டில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது. மூன்று மணி நேரப் படத்தை அதில் அடக்க வீடியோவுக்கு 2800 கேபிபிஎஸ் தான் மிஞ்சும். ஃபுல் எச்டியில் சீரியல் லைட்டெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். முகூர்த்தம், ரிசப்ஷன் என்று இரண்டு ஃபைலாக்குவதே மேல். எச்.265 என்ற புது சுருக்க முறையில் சைஸ் குறையும், ஆனால் பழைய எல்இடி டிவி எடுக்காது.

இரண்டு ஃபைலை ஒரே நேரத்தில் ஓட்டினாலும் நேரம் பெரிதாக மிச்சமில்லை, எக்ஸ்264 தானே எல்லா கோரையும் எடுத்துக்கொள்ளும். கத்திரி வெயிலில் ஏசி இல்லாத ரூம் என்றால் எக்ஸ்264 ஒரே நேரத்தில் ஓட்டும் த்ரெட் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள். முன்னுரிமையைக் குறைக்கும் 'நைஸ்' (nice) போட்டால் மற்ற வேலைகளுக்கு வழி கிடைக்குமே தவிர சூடு குறையாது.