சொந்த மரத்தைக் கொடுத்து பேஸ் கிட்டார் செய்விக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் யாராவது தங்கள் மரத்தைக் கொடுத்துக் கிட்டார் செய்விக்க யோசித்துக்கொண்டிருந்தால், காசைக் கொடுக்க முதல் இதை வாசியுங்கள். எனக்குப் போனது 85,000 ரூபா, அதோடு அம்மம்மா வீட்டுக் கதவு. காசை உழைத்துக்கொள்ளலாம்.

கல்லடியில் இருந்த அந்த வீட்டைச் சுனாமி கொண்டுபோனது. சுவரெல்லாம் விழுந்த பிறகும் முன்வாசல் நிலையும் இரட்டைக் கதவும் நின்றன, முழுக்க முதிரை. மாமா கழற்றி வந்து எங்கள் விறாந்தையில் சாத்தி வைத்தார், இருபது வருடம் அப்படியே இருந்தது. வலப்பக்கக் கதவில் பித்தளை வளையம் ஆடி ஆடி அரைவட்டமாய்த் தேய்ந்த ஒரு தடம் இருக்கும், விரலை வைத்தால் பள்ளம் தெரியும். அந்தத் தடம் கிட்டாரின் பின்பக்கத்தில், வாசிக்கும்போது என் வயிற்றோடு ஒட்டுகிற இடத்தில் வரவேண்டும் என்பதுதான் என் ஆசை. நெக்குக்கு, அதாவது இடக்கை பிடிக்கிற கழுத்துக்கு, அதே வீட்டுக் கூரையில் மிஞ்சிய பனஞ்சிலாகை.

இது நடக்காத காரியம் இல்லை. பிரையன் மே 1963இல் தன் அப்பாவோடு சேர்ந்து செய்யத் தொடங்கிய கிட்டாரின் நெக், பழைய வீடொன்றின் குளிர்காயும் அடுப்பைச் சுற்றியிருந்த மரச்சட்டத்தில் செதுக்கியது, அதைத்தான் பிறகு குயீன் என்ற ராக் இசைக்குழுவில் வாசித்தார். 1969இல் ஆம்பெக் நிறுவனம் கண்ணாடி மாதிரித் தெரிகிற அக்ரிலிக்கில் கிட்டாரும் பேஸும் விற்றது. அதனால் எனக்கு நடந்ததற்குப் பொருளைக் குறை சொல்ல மாட்டேன்.

முகநூலில் படங்களைப் பார்த்துத்தான் கிட்டார் செய்கிற ஒரு ஆளைப் பிடித்தேன். பெயரை இங்கே போடவில்லை. நேரில் பேசியபோது எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பனைக்கு வைரம் வெளிப்பக்கம்தான், உள்ளே போகப்போக மெத்தென்று இருக்கும், அதனால் ஒற்றைத் துண்டில் நெக் நிற்காது, வெளிவைரத்தை ஐந்து கீற்றாக அறுத்து ஒட்டி நடுவில் ட்ரஸ் ராட், அதாவது நெக்கின் வளைவைத் திருத்துகிற இரும்புக் கம்பி, வைக்கவேண்டும் என்று நான்தான் சொன்னேன். "ஓம் தம்பி, அது நமக்குத் தெரியாதா" என்றார். வலப்பக்கக் கதவையும் பனஞ்சிலாகையையும் ஐம்பதாயிரத்தையும் கொடுத்தேன். பற்றுச்சீட்டு கேட்கவில்லை. மூன்று மாதம் என்றது பதினொரு மாதமானது, இடையில் பட்டறைக்குப் போன இரண்டு தடவையும் கதவு பூட்டு.

கடைசியில் ஒரு மழை நாள் பின்னேரம் ஊறணியில் ரோட்டோரத்தில் வைத்துத் தந்தார். பையிலிருந்து எடுத்துத் தூக்கிப் பார்த்தேன், லேசாக இருந்தது. சந்தோஷப்பட்டேன். முதிரை ஒரு கன அடி கிட்டத்தட்ட 60 இறாத்தல் வரும், அந்தப் பலகையில் பேஸ் செய்தால் உடம்பு மட்டுமே நல்ல பாரம் வரும், தோள் வலிக்குமே என்று பயந்துகொண்டிருந்தவன் நான். அந்த லேசைக் கண்டதுமே கேட்டிருக்கவேண்டும். முழுக்கக் கறுப்புப் பெயிண்ட் வேறு. ஏன் அண்ணே என்றதற்கு, "பலகையில கறை கிடந்தது தம்பி, அதான்" என்றார். மிச்சம் முப்பத்தையாயிரத்தையும் கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நெக்கின் தலைப்பக்கம் கம்பி தங்குகிற கட்டை நட், உடம்பில் தங்குகிற இடம் பிரிட்ஜ், நெக்கில் குறுக்கே பதித்த உலோகச் சட்டங்கள் ஃபிரெட். 34 அங்குல ஸ்கேல், அதாவது அதிர்கிற கம்பியின் நீளம், என்றால் நட்டிலிருந்து 12ஆம் ஃபிரெட் சரியாக 17 அங்குலம், அங்கிருந்து பிரிட்ஜும் 17 அங்குலம், கம்பிக்குத் தக்கபடி அதைவிடச் சில மில்லிமீற்றர் பின்னுக்குப் போகலாம், முன்னுக்கு வரவே கூடாது. இதில் பிரிட்ஜ் 8 மில்லிமீற்றர் முன்னுக்கு இருந்தது. வெறுங்கம்பியைச் சுருதி சேர்த்துவிட்டு 12ஆம் ஃபிரெட்டில் அழுத்தினால் ட்யூனர் 16 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் நூறில் பதினாறு பங்கு, கூடக் காட்டுகிறது, பிரிட்ஜ் திருகாணியை எவ்வளவு பின்னுக்கு எடுத்தாலும் தீரவில்லை. சரி, பிரிட்ஜைக் கழற்றி மாற்றிப் பூட்டலாம் என்று விட்டேன். இரண்டு கிழமையில் நெக் வில்லாக வளைந்தது. நாலு கம்பியும் சேர்ந்து 70, 80 கிலோ இழுக்கும், மார்கழி ஈரம் வேறு. 12ஆம் ஃபிரெட்டில் கம்பிக்கு அடியில் என் சுண்டுவிரல் நுனி போனது. ட்ரஸ் ராட்டைத் திருப்ப மேலே இருந்த சின்ன மூடியைக் கழற்றினேன், உள்ளே ஒன்றுமே இல்லை, கட்டையில் வெறும் மூடியை இரண்டு ஆணியால் பூட்டியிருக்கிறது. நெக்கும் ஒற்றைத் துண்டு.

அதற்குப் பிறகுதான் பிக்கப்பை, அதாவது கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தத்தை, கழற்றிப் பார்த்தேன். பெயிண்ட் படாத குழிக்குள் மரம் வெளிறிய சிவப்பு. முதிரை மஞ்சளாய்ப் பளபளக்கும், உரசினால் வாசம் வரும். எங்கள் ஒழுங்கையில் இருக்கிற வயசான ஓடாவியிடம் கொண்டுபோனேன். நகத்தால் அழுத்தினார், நகம் பதிந்தது. "மனே, இது முதிரையில்ல. மலைவேம்பு மாதிரிக் கிடக்கு. உன்ர கதவ ஆரோ வித்துப்போட்டான்" என்றார்.

அந்த ஆளுக்கு எடுத்தேன். முதலில் பூச்சி அரித்துவிட்டது என்றார், பிறகு வேலைக்காரப் பொடியன் மாற்றிவிட்டான் என்றார், பிறகு போனையே எடுக்கவில்லை. வைரம் பாய்ந்த முதிரையில் பூச்சியாம். மத்தியஸ்த சபையில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், கையில் இருப்பது வங்கிச் சிட்டையும் குரல் பதிவுகளும்தான்.

நீங்கள் கொடுப்பதாக இருந்தால், பலகையை நிறுத்து, ரேகை தெரியப் படம் எடுத்து, எடையும் அளவும் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பெயிண்ட் அடிக்க முதல் போய் வெறும் மரத்தைக் கண்ணால் பாருங்கள், நெக்கை ஒட்ட முதல் ட்ரஸ் ராட் இறங்குகிற குழியையும் பாருங்கள். மிச்சக் காசை ரோட்டோரத்தில் எண்ணிக் கொடுக்காதீர்கள், ஒரு ஆம்பில், அதாவது ஒலிபெருக்கியில், பூட்டி 12ஆம் ஃபிரெட் வரை வாசித்துப் பார்த்தபின் கொடுங்கள்.

இடப்பக்கக் கதவு இன்னும் விறாந்தையில்தான் இருக்கிறது. வலப்பக்கக் கதவின் பலகை ஒன்றேகால் அங்குலத் தடிப்பு, உள்ளங்கை அகலத்தில் அரைவட்டத் தடம், அதற்குப் பக்கத்தில் துரு ஏறிய இரண்டு ஆணித் துளை. மரக்காலையிலோ தளபாடக் கடையிலோ யாராவது கண்டால் தயவுசெய்து எனக்கு அறிவியுங்கள், விலை சொன்னால் வாங்கிக்கொள்கிறேன்.